வேதியியலில் வரும் பேஸும் எண்முறையில் வரும் பேஸும் ஒன்றா?

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியம் மாறியிருக்கிறீர்கள். கெமிஸ்ட்ரியிலும் பேஸ், கம்ப்யூட்டர் சயின்ஸிலும் பேஸ், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறீர்கள். பெயரில் உண்டு, பொருளில் கிடையாது. நானும் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படி மாறியவள்தான். தமிழில் ஒன்று காரம், மற்றது அடிமானம். அதனால் இரண்டையும் சேர்த்து நினைக்க வாய்ப்பே வரவில்லை. பிளஸ் ஒன்னில்தான் தடுமாறினேன்.

பேஸ் என்பது பீடம், அடித்தளம் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1754இல் ரூயெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை வேதியியலில் இன்றைய பொருளில் பயன்படுத்தினார். அன்று தெரிந்திருந்த அமிலங்களில் பல எளிதில் ஆவியாகிவிடுபவை. சுண்ணாம்பு, சோடா மாதிரி ஒன்றோடு சேர்ந்தால்தான் அவை திடமான உப்பாக உருப்பெறும். அமிலத்துக்கு உருக் கொடுக்கும் அந்தப் பொருளை உப்பின் அடித்தளமாகப் பார்த்தார், அதனால் பேஸ்.

தமிழ் அந்தப் பொருளின் குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. வெங்காரம், சவுக்காரம், அப்பளக்காரம் எல்லாமே காரத்தன்மை உள்ளவை. மிளகாய்க் காரத்தை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், அது வேறு. காரத்தைக் கண்ணால் பார்க்க லேப் கூட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கலந்தால் சிவக்கிறதே, அது கால்சியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், மறுபடி மஞ்சளாகிவிடும்.

சரி, அடிமானத்துக்கு வருவோம். எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்தில் ஒன்றாகிறது என்பதுதான் அடிமானம். எனக்கு இது புரிந்தது எங்கள் களத்து மேட்டில். தாத்தா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அப்புறம் இரண்டு, மூன்று என்று போகும். பன்னிரண்டு ஆனதும் ஒரு கலம், மறுபடி லாபத்திலிருந்து எண்ணிக்கை. ஐந்து கலம் ஏழு மரக்கால் என்றால் 5 × 12 + 7, அதாவது 67 மரக்கால். அடிமானம் பன்னிரண்டில் அதை 57 என்று எழுதுவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நெல் கலக் கணக்கில்தான் வருகிறது. அங்கே ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலே இருந்தது.

இன்னும் அழகு சின்ன அளவைகளில் இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. ஐந்து ஆழாக்கு அரிசியை இந்த அளவைகளால் அளந்தால் உரி ஒன்று, உழக்கு இல்லை, ஆழாக்கு ஒன்று. அதை அப்படியே எழுதுங்கள்: 101. கம்ப்யூட்டர் ஐந்தை எழுதுவதும் இப்படித்தான். 0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்களை எழுதும் பைனரிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் ஏன் இதைச் சொல்லித் தருவதில்லை என்று இன்றும் ஆதங்கம் உண்டு.

இரண்டு பேஸும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது: அமிலமா காரமா, எவ்வளவு என்று காட்டும் பி.எச். அளவு. 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்தது. கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை அடிமானம் பத்து கொண்ட மடக்கையாக (லாகரிதம்), குறியை மாற்றி எழுதுகிறோம். எண் கூடினால் காரத்தன்மை கூடுகிறது என்று பொருள். அதனால் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு மாற்றம். எங்கள் வீட்டு மண் பரிசோதனை முடிவில் ஒரு வயலுக்கு 7.6, வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து வயலுக்கு 8.6 என்று வந்தது. "ஒன்றுதானே கூட" என்றார் அப்பா. அந்த ஒன்று பத்து மடங்கு என்று சொன்னதும் யோசித்தார். சோடியம் மிகுந்து களராகும் மண்ணுக்கு ஜிப்சம் இடுவார்கள், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், தண்ணீர் கட்டி வடித்தால் அது வெளியேறும். அந்த வருஷம் அந்தப்பக்கத்து வயலுக்கு மட்டும் ஜிப்சம் வாங்கினோம்.