பிஸ்டன் கிட் வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் சின்ன காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் கிளை கழிக்க வைத்திருந்த பழைய ஸ்டில் எம்.எஸ். 180 செயின்சா ஓடும்போதே நின்றுவிட்டது, இப்போது கயிறு இழுத்தால் கம்ப்ரஷனே இல்லாமல் லூசாக வருகிறது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் சேர்ந்த கிட் ஆன்லைனில் ஒரிஜினல் விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது. வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் இன்றைக்கே ஆர்டர் போடாதீர்கள். முதலில் சைலன்சரைக் கழற்றி அந்த வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கீறல் கீறலாக இருந்தால், யாரோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றியிருக்கலாம் (வேலைக்கு வந்தவர் அவசரத்தில் பைக்கிலிருந்து பிடித்து ஊற்றுவதெல்லாம் நடப்பதுதானே), இல்லையென்றால் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் வளையம்), ரப்பர் குழாய் எங்காவது காற்று இழுத்திருக்கும். கார்பரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது கிட்டும் போய்விடும்.

சிலிண்டர் சுவரில் தெரியும் தீற்றல் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம்தான். கழிவறை கழுவும் ஆசிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்துக் கரையும். வெட்டவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, போர்ட் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளை) ஓரங்களில் படாமல் செய்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் நகத்தால் தடவுங்கள், எங்கும் தட்டாமல் வழவழப்பாக இருந்தால் சிலிண்டர் நல்லதுதான், 38 மி.மீ. பிஸ்டனும் ரிங்கும் போதும். பிஸ்டன் பின் 8 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு வகை வந்திருக்கிறது, அளந்து பார்த்து வாங்குங்கள். சிலிண்டர் உள்சுவரின் கடினப் பூச்சு உரிந்திருந்தால் மட்டும் சிலிண்டரும் மாற்ற வேண்டும், ஏனென்றால் இதைப் பைக் மாதிரி உள்ளே கடைந்து ரீபோர் அடிக்க முடியாது. மலிவு கிட்டில் நான் நம்பாதது பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பை, அதை மட்டுமாவது ஒரிஜினலாக வாங்குங்கள்.

இந்த மாடலில் என்ஜின் அடிப்பகுதி தனியாகக் கழன்று வரும், இடையில் கேஸ்கெட் கிடையாது. பெட்ரோல் தாங்கும் சீலன்ட் தடவ வேண்டும், சாதாரண சிலிக்கான் நிற்காது. திறந்த கையோடு இரண்டு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் இடமரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் மேல் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலுக்கு லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்தால் சரியாக வரும். இப்போதைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்று, பிஸ்டனைக் கழற்றியதும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக அசைந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் ஆடினால் இதற்கு மேல் காசு போடாமல், பாகங்களுக்காக வைத்துக்கொண்டு வேறு செயின்சா வாங்கிவிடுங்கள்.