கூட்டத்தின் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இரண்டு பிள்ளைகள். சில வருடங்களாக இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு குடித்துவந்தேன். கணவருக்குத் தெரியவந்தபோது அவர் சத்தம் போடவில்லை, மருத்துவரிடம் அழைத்துப் போனார். தங்கிச் சிகிச்சை எடுத்தேன். இப்போது குடிப்பதில்லை. ஆனால் இருட்டத் தொடங்கினால் மனசு அங்கேயே போகிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ கூட்டத்துக்குப் போகச் சொன்னார் மருத்துவர். போனேன். அறை முழுக்க ஆண்கள். பிரார்த்தனை சொன்னார்கள், எனக்கோ கடவுள் நம்பிக்கை இல்லை. என் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால்? மன உறுதியோடு வீட்டிலேயே இருந்தால் போதாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யாருக்கும் தெரியாமல் தனியாகக் குடித்தீர்கள். இப்போது யாருக்கும் தெரியாமல் தனியாகவே அதிலிருந்து மீளவும் பார்க்கிறீர்கள். உங்கள் உறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனசு இழுக்கும் அந்த நேரத்தில் நீங்கள் பேசக்கூடியவர், அந்த இழுப்பை அனுபவித்தவராக இருக்க வேண்டும். கணவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவரால் அந்த இடத்துக்கு வர முடியாது.

ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதையும் இதுதான். 1935இல் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், வேலையாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் கெட்டுவிட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடம் அவரை இழுத்தது. அவர் அங்கிருந்த தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் சேர்ந்து தொடங்கியதே ஏஏ. தான் குடிக்காமல் இருப்பதற்காகவே பில் அவரைத் தேடிப் போனார் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதே மற்றவர்களுக்கும் உதவி.

பேச வேண்டுமே என்ற பயம்தான் உங்களை எழுப்பிவிட்டது என்று நினைக்கிறேன். பேச வேண்டியதில்லை. முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். ஒருவர் பகிரும்போது குறுக்கே பேசுவதோ புத்தி சொல்வதோ பொதுவாக வழக்கமில்லை. கட்டணம் கிடையாது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

அறை முழுக்க ஆண்கள் என்றால் தயக்கம் வரத்தான் செய்யும், அதில் தவறே இல்லை. பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் பல இடங்களில் நடக்கின்றன, ஆன்லைனிலும் நடக்கின்றன. ஏஏவின் இணையதளத்திலோ உதவி எண்ணிலோ கேட்டால் சொல்வார்கள். 'திறந்த' கூட்டத்துக்கு யாரும் வரலாம். 'மூடிய' கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும், உங்களுக்கு அதுவே நிம்மதியாக இருக்கும். ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டு முதற்பெயரோடு மட்டும் உட்காரலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஒரு பெண்ணையே கேளுங்கள். புதிதாக வரும் பெண்ணிடம் அதிக அக்கறை காட்டும் ஆண் யாராவது இருந்தால் விலகியே இருங்கள். அந்தக் குழுவே சரிப்படவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். ஒரு கூட்டத்தை வைத்து எல்லாக் கூட்டங்களையும் முடிவு செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி.

கடவுள் விஷயம். ஏஏவின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவின் பலத்தையே தங்களை விடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்கலாம். மதச்சார்பற்ற ஏஏ குழுக்களும் உண்டு. அதுவும் ஒத்துவரவில்லையா? 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி, எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளை வைத்து நடக்கிறது. 1975இல் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே தொடங்கியது விமன் ஃபார் சோப்ரைட்டி. எதில் சேர்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், தனியாக மட்டும் இருக்காதீர்கள். ஏஏவோடு இணைக்கும் சிகிச்சை முறைகளைப் பற்றி 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க அவை மற்ற உளவியல் சிகிச்சைகளை விட அதிகம் உதவுவதாகச் சொல்கிறது.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? மூடிய கூட்டம் என்றால் அவரும் அதே அறையில் அதே காரணத்துக்காகத்தான் இருப்பார். அங்கே கேட்டதையும் பார்த்தவர்களையும் வெளியே சொல்லக் கூடாது என்பது ஏஏவின் அடிப்படை. அது சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அதே பாதுகாப்பு தேவைப்படுவதால் மதிக்கிறார்கள். முதலில் கொஞ்ச நாள், சொந்த விவரங்களைப் பேசாமல் இருங்கள்.

அடுத்த முறை முழுக் கூட்டமும் இருந்துவிட்டு, முடிந்ததும் ஒரு பெண்ணிடம் அவருடைய எண்ணை வாங்குங்கள். அப்புறம், மனசு இழுக்காத ஒரு நாளில் அவருக்கு ஒருமுறை பேசிப் பழகிவிடுங்கள். நிஜமாகவே இழுக்கும்போது முதல் அழைப்பு மிகவும் கஷ்டம். மருந்தையும் மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள், கூட்டம் அதற்கு மாற்று அல்ல. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென்று தாங்களாகவே நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்துங்கள்.)

உங்கள் கணவருக்கு அல்-அனான் இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951 முதல் இயங்கும் குழு. சத்தம் போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போன அந்த மனிதருக்குள்ளும் பயம் இருக்கும். இந்தப் பதிலை அவரிடமும் கொடுங்கள்.