பிரசவ வலியும் முதுகு ஊசியும்: வாசகர் கேள்விகளுக்கு மயக்க மருந்து டாக்டரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'முதுகில் ஊசி போட்டார்கள்' என்றுதான் தொடங்குகின்றன. எபிடியூரலா (தண்டுவட நீர்ப்பைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவது), ஸ்பைனலா (அந்தப் பைக்குள்ளேயே ஒரே ஊசியாகப் போடுவது)? எத்தனை வாரம்? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? இந்த மூன்றையும் எழுதாவிட்டால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். போன முறையும் இதைச் சொன்னேன்.

எபிடியூரல் போட்டுக்கொண்டால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்கிறார்களே? (ஒன்பதாம் மாதத்தில் இருப்பவர்)

இல்லை. 2005இல் அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்கு வந்த 750 பெண்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வலியின் தொடக்கத்திலேயே முதுகுவழி மருந்து கொடுத்தார்கள், மற்றதற்குத் தாமதமாக. சிசேரியன் முன்னதில் சுமார் 18 சதவீதம், பின்னதில் சுமார் 21. பெயருக்குத்தான் வித்தியாசம். காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பும் சிசேரியன் கூடவில்லை என்றே சொல்கிறது.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? குழந்தை திரும்பாமல் சிக்கி நிற்கும் பிரசவத்தில் வலி கடுமையாக இருக்கும். அந்தப் பெண்தான் முதலில் எபிடியூரல் கேட்பார். அவருக்குத்தான் சிசேரியனும் தேவைப்படும். பார்ப்பவர்கள் பழியை ஊசி மேல் போட்டுவிடுகிறார்கள்.

ஆயுதம் போட்டு எடுப்பது முன்பு கூடியது உண்மை. அப்போது மருந்தின் அடர்த்தி அதிகம், கால் இரண்டும் மரத்துக் கட்டையாகிவிடும், முக்க வராது. இப்போது 0.1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ பூபிவகைன் என்ற மரக்கச் செய்யும் மருந்தைக் கொஞ்சம் ஃபென்டனில் என்ற வலி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். 2005க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்தக் கூடுதலும் காணவில்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம், அவ்வளவுதான்.

கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்த பிறகு போடலாம்?

பிரசவ வலி தொடங்கிவிட்டது, அவர் கேட்கிறார் என்றால் போடலாம். நாலு சென்டிமீட்டர் வரை காத்திரு என்பதெல்லாம் பழைய கணக்கு.

என் அக்காவுக்கு முதுகில் ஊசி போட்டு ஏழு வருடம் ஆகிறது. இன்னும் முதுகுவலி தீரவில்லை. எனக்கு வலியில்லாப் பிரசவம் வேண்டும், முதுகுவலி வேண்டாம். என்ன செய்ய? (எட்டு மாதக் கர்ப்பிணி)

அக்காவுக்கு என்ன ஊசி என்று எழுதவில்லை. கர்ப்பமாக இருந்தபோதே முதுகு வலித்ததா என்றும் எழுதவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் இந்தப் பயமே இவ்வளவு தூரம் பரவியது.

1990இல் இங்கிலாந்தில் 11,000க்கும் மேற்பட்ட தாய்மார்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். எபிடியூரல் போட்டவர்களில் ஏறக்குறைய 19 சதவீதம் பேர் பிரசவத்துக்குப் பின் நீடித்த முதுகுவலி என்றார்கள், போடாதவர்களில் 10 சதவீதம் பேர். அந்த 19தான் ஊர் சுற்றியது. ஆனால் அந்தத் தாய்மார்களைக் கேட்டது குழந்தை பிறந்து வருடக்கணக்கில் ஆன பிறகு. முதுகில் ஊசி போட்ட ஞாபகம் இருப்பவர் வலிக்கும் அதையேதான் காரணமாகச் சொல்வார். 1994இல் வேறு ஒரு குழுவினர் பெண்களைப் பிரசவத்திலிருந்தே பின்தொடர்ந்து, இரண்டு மாதம் கழித்துக் கேட்டார்கள். போட்டவர்களில் 44 சதவீதம், போடாதவர்களில் 45 சதவீதம். 2002இல் வந்த ஆய்வு இன்னும் உறுதியானது: எபிடியூரல் யாருக்கு, வேறு வலி நிவாரணம் யாருக்கு என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 369 பெண்களில் 306 பேரை இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். முதுகுவலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

போடாதவர்களிலும் 45 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை பெற்ற முதுகு வலிக்கத்தான் செய்கிறது. தசைநார்கள் தளர்ந்திருக்கின்றன, வயிற்றுத் தசை வலுவிழந்திருக்கிறது, இரவெல்லாம் குனிந்தபடி பால் கொடுக்கிறார். ஊசி குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும். அதை நான் மறைக்கவில்லை.

என் கோபம் வேறு. மூன்று வருட முதுகுவலியோடு ஒருவர் என்னிடம் வந்தார். போன இடமெல்லாம் 'அந்த ஊசியால்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே வலி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். ஊசி போடுவது இடுப்பின் நட்ட நடுவில். அவர் விரல் போனது அதற்கும் கீழே, இடது பக்கம், புட்டத்துக்கு மேலே இருக்கும் குழியில். இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டு அது. உடற்பயிற்சிச் சிகிச்சையில் நான்கைந்து மாதத்தில் பெருமளவு தேறினார். மூன்று வருடமாக ஒருவர்கூட அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊசி மேல் பழி போட்டால் பரிசோதனை நின்றுவிடுகிறது, பெண் வலியோடு வாழப் பழகிவிடுகிறார். உங்கள் அக்காவை முதலில் யாரிடமாவது முறையாகக் காட்டுங்கள். நீங்கள் 36 வாரத்துக்குள் மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள். வலி எடுத்த பிறகு கேட்டால் நிதானமாகப் பேச நேரமிருக்காது.

மிக அரிதாக, முதுகில் ஊசி போட்ட இடத்தின் உள்ளே ரத்தக்கட்டோ சீழோ வரலாம். மரத்தது தெளிந்த பிறகு மறுபடி கால் பலவீனமானாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு கடும் முதுகுவலி வந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என் மனைவி வலி தாங்குவாள். ஊசி வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமா?

போதாது. சம்மதமும் மறுப்பும் அவருடையவை. அவரைக் கேட்டீர்களா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

எபிடியூரலால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

2020இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு அப்படி ஒரு தொடர்பைச் சொன்னது. அடுத்த வருடமே டென்மார்க்கில் சுமார் 4.8 லட்சம் குழந்தைகளைப் பார்த்தபோது அது தென்படவில்லை. கனடாவின் மானிடோபாவில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இல்லை. வீடியோவில் முதல் ஆய்வோடு நிறுத்திவிட்டார்கள்.

ஊசி வேண்டாம். மூச்சில் இழுக்கும் வாயு போதுமா?

வலியின் முனையை மழுக்கும், அகற்றாது. நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் பாதிக்குப் பாதி. உச்ச பலன் வர முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் வலி ஏறத் தொடங்கும் முதல் அறிகுறியிலேயே இழுக்க வேண்டும். உச்சத்துக்குப் போன பிறகு இழுத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். மாஸ்க்கை அவரே பிடிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பிடிக்கக் கூடாது.

பிரசவமாகி இரண்டு நாளாகத் தலைவலி. உட்கார்ந்தால் மண்டை பிளக்கிறது, படுத்தால் குறைகிறது.

ஊசி தண்டுவட நீர்ப்பையைத் துளைத்திருக்கலாம். எபிடியூரலில் நூற்றுக்கு ஒருவருக்குத் தவறுதலாக இப்படி ஆகும். குறையாவிட்டால் உங்கள் ரத்தத்திலேயே 20 மில்லி எடுத்து முதுகில் செலுத்தித் துளையை அடைப்போம். ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் எல்லாத் தலைவலியும் ஊசியால் வருவதல்ல. ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம், மூளை ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் இன்றே போய்க் காட்டுங்கள்.

ஸ்பைனல் போட்டு சிசேரியன் செய்தார்கள். நடுவில் நன்றாக வலித்தது. 'அழுத்தம்தான், வலி இல்லை' என்றார்கள். நான்தான் பயந்துவிட்டேனா?

இல்லை. உங்களுக்கு வலித்தது. திட்டமிட்ட சிசேரியன்களிலேயே ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு முதுகு ஊசி போதாமல் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது என்று ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. கத்தி வைக்கும் முன் குளிர் ஸ்பிரேயை வயிற்றிலிருந்து மார்பு நோக்கி இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வருவோம். 'ஜில்லுன்னு தெரியுதா?' என்று கேட்டால், முலைக்காம்பு மட்டம் வரை 'தெரியலை' என்று வர வேண்டும். அவசரமாக 'தெரியலை' என்று சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லுங்கள். இடையில் வலித்தாலும் சொல்லுங்கள். அறுவையை நிறுத்தி மருந்து கூட்டலாம், முழு மயக்கமும் கொடுக்கலாம். அடுத்த பிரசவத்தில் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிக் கோப்பில் எழுத வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க தினம் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறேன். எபிடியூரல் முடியுமா?

குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரின் என்றால், தடுப்பு அளவில் கடைசி ஊசிக்குப் பின் 12 மணி நேரம், சிகிச்சை அளவில் 24 மணி நேரம் போக வேண்டும். எந்த அளவு என்று நீங்கள் எழுதவில்லை. 36 வாரத்துக்குள் மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள். ஒவ்வொரு ஊசியின் நேரத்தையும் குறித்து வையுங்கள். வலி எடுத்தால் அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.