கண்ணீரைவிட வலிய ஆதாரம்

கேள்வி: பேசுபவரின் நம்பகத்தன்மை, உணர்ச்சி, தர்க்கம் ஆகிய மூன்றுமே கேட்பவரை இணங்க வைக்கும் வழிகள் என்று அரிஸ்டாட்டில் வகுத்ததை வகுப்பில் படிக்கிறோம். ‘ஸ்பாட்லைட்’ படத்தில் இவற்றுள் எது மேலோங்கி நிற்கிறது? உணர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: சிறார்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய குருக்களை பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத் தலைமை பல்லாண்டுகள் மறைத்துக் காத்ததையும், அதை ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழின் புலனாய்வுக் குழு 2002 ஜனவரியில் அம்பலப்படுத்தியதையும் சொல்லும் படம் அது. டாம் மெக்கார்த்தி இயக்கி 2015இல் வெளிவந்தது. கண்ணீருக்கு இவ்வளவு இடமுள்ள கதையில், படம் பெரிதும் சாய்ந்து நிற்பது தர்க்கத்தின் மீதுதான் என்பேன்.

திருச்சபை ஆண்டுதோறும் வெளியிட்ட குருக்கள் விவரப் புத்தகங்களைச் செய்தியாளர்கள் வரிவரியாகப் படிக்கும் காட்சியை மீண்டும் பாருங்கள். ஒரு பெயருக்கு எதிரே, குற்றம் சாட்டப்பட்டவர்களை மறைக்கப் பயன்பட்ட ‘நோய் விடுப்பு’ என்றோ ‘பணி ஒதுக்கப்படவில்லை’ என்றோ இருந்தால் அதைக் குறித்துக்கொள்கிறார்கள். அதே பெயர் அடுத்தடுத்து எந்தப் பங்குகளுக்கு, அதாவது எந்தத் தேவாலய வட்டாரங்களுக்கு, மாறியது என்று தேடுகிறார்கள். நகரத்தின் சுமார் 1,500 குருக்களில் 6 சதவீதம் பேர், அதாவது 90 பேர், இத்தகைய வன்கொடுமை செய்தவர்களாக இருக்கலாம் என்று தொலைபேசியில் ஓர் ஆய்வாளர் சொல்லும்போது நம்ப மறுக்கிற நாம், புத்தகங்களிலிருந்து திரட்டிய பட்டியல் 87இல் வந்து நிற்கும்போது வாயடைத்துப் போகிறோம். அந்த அதிர்ச்சியைத் தருவது ஓர் எண், அழுகுரல் அல்ல.

உணர்ச்சி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வன்கொடுமை எதையும் படம் காட்டுவதில்லை. வளர்ந்துவிட்ட பாதிக்கப்பட்டவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் பொத்தாம்பொதுவான ஒரு சொல்லில் நடந்ததைக் கடந்துவிட முயலும்போது, பெண் செய்தியாளர் பரிவு குறையாமலே, சரியாக என்ன நடந்தது என்பதை வாசகர் அறிய வேண்டும் என்று சொல்லித் தெளிவாகக் கேட்கிறார். துயரம் சாட்சியமாக மாறும் இடம் அது. படத்தின் மிகச் சிறந்த காட்சியாக நான் கருதுவதும் அதையே. மார்க் ரஃபலோ ஏற்ற செய்தியாளர், உடனே வெளியிட வேண்டும் என்று கொதித்தெழும்போது நம் மனம் அவர் பக்கம் சாய்கிறது; தனி மனிதர்களின் குற்றத்தை அல்ல, அமைப்பின் குற்றத்தையே நிரூபிக்க வேண்டும் என்று குழுத் தலைவர் பொறுக்கச் சொல்வதைத்தான் கதை சரியென்று காட்டுகிறது.

நம்பகத்தன்மையோ எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. 1993இலேயே 20 குருக்களின் பெயர்கள் அதே நாளிதழுக்குக் கிடைத்திருந்தன என்பதையும், அச்செய்தி உள்பக்கத்தில் அடங்கிப்போனதையும், அப்போது நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியராக இருந்த குழுத் தலைவரே ஒப்புக்கொள்கிறார். தம் தரப்பின் குறையை மறைக்காதவர்கள் பிறர் குறையைச் சொல்லும்போது நாம் நம்புகிறோம்.

கேள்வி: அப்படியானால் படம் சொல்வதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. செய்தித் தொடர் உண்மை; அது 2003இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்றதும் உண்மை. ஆனால் திரைக்கதையின் உரையாடல்கள் எழுதப்பட்டவை. படத்தில் தம் பெயரில் வரும் பாத்திரம் பேசும் வசனங்களைத் தாம் பேசவே இல்லை என்று ஒரு கல்லூரி அதிகாரி எதிர்த்தார். அவை கற்பனையே என்று விநியோக நிறுவனம் பின்னர் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பெயரையும் இருமுறை சரிபார்க்கும் மனிதர்களைப் போற்றும் படத்தில் இந்தக் குறை, வேறு படத்தில் உறுத்துவதைவிட அதிகமாகவே உறுத்துகிறது.