தண்டையார்பேட்டை பீட்சா கடை: சாயங்காலம் மாவு கிழிகிறது

தகரக் கூரை போட்ட உங்கள் கடையில் காலையில் பிசைந்த மாவு சாயங்காலம் புளித்து, விரிக்கும்போது கிழிகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறையுங்கள். உருண்டை பிடித்ததும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள்.

காரணம் பெரும்பாலும் சூடுதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து பீட்சா பக்குவம் சுமார் 25 டிகிரி அறைக்கு ஏற்றது. நீங்கள் சொல்லும் தகரக் கூரைக்கடியில் அடுப்பும் எரிந்தால் 35-ஐத் தாண்டும்; மாவில் தெம்பே இருக்காது. சீஸை அள்ளிப் போட்டு இதை மறைக்கவும் முடியாது.

பிசைந்து முடித்ததும் மாவுக்குள் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 26-க்கு மேல் காட்டினால் அடுத்த முறை ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள். ஐஸின் எடையும் தண்ணீர்க் கணக்கில் சேரும். அப்புறம், உருண்டைகளை மொத்தமாக வெளியே எடுக்காமல் ஆர்டரைப் பார்த்து எடுங்கள்.

ஒன்று மட்டும்: சாதா மைதாவில் புரதம் குறைவாக இருந்தால் ஃபிரிட்ஜிலும் 2 நாளுக்கு மேல் தாங்காது.