ஒட்டன்சத்திரம் தாண்டி நின்றுபோன நடை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 67. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். மதியச் சாப்பாடு மட்டும் என் வீட்டிலிருந்து போகிறது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

2003-இல் அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. “இவளைக் காப்பாற்றிக் கொடு, உயிர் இருக்கிறவரை உன் மலைக்கு நடந்து வருகிறேன்” என்று அப்பா பழனியாண்டவரிடம் வேண்டிக்கொண்டார். அம்மா பிழைத்துக்கொண்டாள். அடுத்த தைப்பூசத்திலிருந்து, கொரோனா ஆண்டுகளைத் தவிர, அப்பா நடக்காத தை மாதம் இல்லை. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து புறப்படும் நாளை ஒட்டி எங்கள் ஊர்க் குழுவும் கிளம்பும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அப்பா செருப்பு போட மாட்டார். அம்மா கடைசி நாள் பஸ் ஏறிப் போய் அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இறந்த வருடம் மலைக்குப் போகக் கூடாது என்று அப்பா நடக்கவில்லை. இந்த வருடம் தையில் மறுபடி மாலை போட்டார். “நீயும் வருகிறாயா பாப்பா?” என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் நான்கு நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வெயிலில் தார் சுடும் என்பதால் பெரும்பாலும் இரவில்தான் நடந்தோம். பையில் போலீசார் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே போவேன். அன்னதானப் பந்தலில் எனக்குச் சுக்குக் காபி வாங்கி வந்து, “குடி சாமி” என்று நீட்டினார். மாலை போட்டவர்கள் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அப்பா வாயிலிருந்து எனக்கு அது வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஐந்தாம் நாள் விடியற்காலை. ஒட்டன்சத்திரம் தாண்டி, நடந்து போகிறவர்களுக்காகப் போட்ட பாதையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன அப்பாவின் வலது பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். வெளுத்த பிறகுதான் நிறம் தெரிந்தது. உட்காரவைத்துப் பார்த்தால், உள்ளங்காலில் கொப்புளம் கிழிந்து, அதற்குள் ஒரு கண்ணாடித்துண்டு. அவருக்குத் தெரியவே இல்லை. “வலி ஒன்றும் இல்லை சாமி, நட” என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் அங்கிருந்தே ஒரு கார் ஏற்பாடு செய்தான். அப்பா ஏற மறுத்தார். இன்னும் 25 கிலோமீட்டர்தான் என்று கைகூப்பினார். டிரைவரும் குழுவில் இருந்த இரண்டு பேரும் அவரைத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். நான்தான் ஏற்றச் சொன்னேன். காரில் பயமும் கோபமும் சேர்ந்து ஒன்றைச் சொல்லிவிட்டேன். “யாருக்காக வேண்டிக்கொண்டீர்களோ அவளே போய்விட்டாள். இனி யாருக்காக நடக்கிறீர்கள்?” அப்பா கழுத்தில் கிடந்த மாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. தாமதித்திருந்தால் விரல் போயிருக்கும் என்றார் மருத்துவர். அதன் பிறகு அப்பா என்னைப் பாப்பா என்று கூப்பிடவே இல்லை, பெயர் சொல்கிறார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்று வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறார். இப்போது வருகிற தைக்கு என்னிடம் சொல்லாமலேயே குழுவில் பெயர் கொடுத்துவிட்டார். குருசாமியிடம் பேசிப் பெயரை எடுக்க வைக்கிறேன் என்கிறான் அண்ணன்.

நான் செய்தது தவறா? இனி அவரைத் தடுப்பதா, கூடப் போவதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று நடையை நிறுத்தியது சரி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, நீங்களும் இனிச் சந்தேகப்பட வேண்டாம். நீண்டகாலச் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிக்கும்போது, உடம்பிலேயே நீளமான நரம்புகள் போய் முடிகிற பாதத்தில்தான் முதலில் உணர்ச்சி குறையும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு காயம் கூட ஆறாமல் உள்ளே போகும். அப்பா “வலி இல்லை” என்றாரே, அது பிடிவாதமும் இல்லை, பொய்யும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வலிக்கவில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை வீடுகளில் பெரியவர்களை “சொன்னால் கேட்கவே மாட்டார்” என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரே வரியில் சொல்லிவிட்டு நீங்கள் தாண்டிப்போன ஒரு செய்தியில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். அம்மா அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடமும் அப்பா நடந்தது மலைமேல் இருக்கும் முருகனை நோக்கி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மலைக்குக் கீழே ஒருத்தி காத்திருந்தாள். இந்தத் தையில்தான் அவள் இருக்கமாட்டாள் என்று தெரிந்தே அவர் முதல்முறையாக நடந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வதாக இருந்தார்? அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாரோ, பேசாமல் மலை ஏறியிருப்பாரோ, அவருக்கே தெரிந்திருக்காது. தனியாக அந்த இடத்துக்குப் போகப் பயந்துதான் உங்களைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் தலைமுறை ஆண்களுக்கு மனைவிக்காக அழ நம் ஊரில் எத்தனை நாள் கொடுக்கிறோம்? பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் “ஆகவேண்டியதைப் பாருங்கள்” என்று எழுப்பிவிடுகிறோம். மலைக் கோயிலுக்கும் ஒரு வருடம் போகக் கூடாது. சேர்ந்த துக்கத்தையெல்லாம் சுமந்துகொண்டு அந்தச் சாலைக்காகக் காத்திருந்திருக்கிறார். வழியெல்லாம் பேசினார் என்றீர்களே, அது பூட்டு திறந்த சத்தம். அது முடிய 25 கிலோமீட்டர் இருந்தபோது மூன்று பேர் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார்கள். காருக்குள் நீங்கள் அப்படிக் கேட்டீர்கள்.

அவருடைய வேண்டுதலில் ‘உயிர் இருக்கிறவரை’ என்று வருகிறது. யார் உயிர்? அம்மாவின் உயிர் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் நேர்த்தி முடிந்துவிட்டது என்று தோன்றியது. அவர் தன் உயிரைச் சொல்லியிருக்கலாம். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

இப்போது எனக்குக் கவலை தைப்பூசத்தைப் பற்றியதல்ல. அந்த வேட்டியைப் பற்றியது. காலைக் காட்டினால் கார் வரும் என்று அப்பா கற்றுக்கொண்டுவிட்டார். அதனால் மறைக்கிறார். ஒருமுறை புண் வந்து ஆறிய பாதத்தில் மறுபடி புண் வருவது மிக எளிது. அது நத்தம் சாலையில்தான் வரவேண்டும் என்பதில்லை, வீட்டுக் கொல்லையில் ஒரு முள் போதும். வருகிற தையில் அவரை வீட்டோடு பூட்டிவைத்தாலும், காட்டாத கால் ஆபத்தான கால்தான். ஆகவே அண்ணனின் யோசனை வேண்டவே வேண்டாம். இருபது வருடம் நடந்த மனிதரின் பெயரை அவர் முதுகுக்குப் பின்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரு போனில் அடிக்க வைத்தால், அதன் பிறகு அவர் உங்கள் இருவரிடமும் எதையும் சொல்லமாட்டார். அண்ணனுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவர்களின் அக்கறை பல சமயம் உத்தரவாகத்தான் வந்து சேர்கிறது.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். காரில் ஏற்றியதற்காகக் கேட்க வேண்டாம், அது பொய்யாகிவிடும். அந்த வார்த்தைக்காகக் கேளுங்கள். “அப்பா, அன்றைக்குக் காரில் அம்மாவைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்ற அளவு போதும். அதே மூச்சில் மருத்துவரையும் மாத்திரையையும் கொண்டுவராதீர்கள். “ஆனால்” என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். அவர் “அதையெல்லாம் யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று எழுந்து போய்விடலாம். போகட்டும். கேட்டுவிட்டார், அது உள்ளே வேலை செய்யும். கால் பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்னொரு நாள் கார்த்திகை முடிவதற்குள் வரவேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மருத்துவரிடம் போனால், தடை வாங்கத்தான் கூட்டிப்போகிறீர்கள் என்று நினைப்பார். பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி எங்கெல்லாம் உணர்ச்சி இருக்கிறது என்று பார்ப்பார்கள். ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இழை படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் விட்ட இடங்களை மருத்துவரே அவருக்குக் காட்டட்டும். நாம் ஆயிரம் முறை சொல்வதைவிட அது அவருக்குப் புரியும், ஏனென்றால் கண்டுபிடிப்பது அவரே. விரதத்தைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். இரவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அது உயிருக்கே ஆபத்து.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். வெறுங்காலோடு 150 கிலோமீட்டர் கூடாது. உணர்ச்சி போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், செருப்போடும் அவ்வளவு தூரம் வேண்டாம். அப்படியானால் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: “நின்ற இடத்திலிருந்து நடக்கலாமா அப்பா?” ஒட்டன்சத்திரம் தாண்டி எந்த இடத்தில் கார் வந்து நின்றதோ அங்கிருந்து, மருத்துவர் ஒப்புக்கொள்ளும் தூரம், சர்க்கரை நோயாளிகளுக்கென்றே விற்கும் எம்.சி.ஆர். செருப்போடு, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து நடக்கலாம். செருப்பு போட்டால் நேர்த்திக்குக் குறை வருமா என்று அவர் தயங்கினால், குருசாமியிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பேசிவைக்க வேண்டாம். பழனி மலையிலேயே ஏறத்தாழ 690 படிகளும் இருக்கின்றன, யானைப்பாதையும் இருக்கிறது, விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. முடியாதவர்கள் விஞ்சில் போகிறார்கள். அவர்கள் பார்த்தது வேறு முருகன் என்று எந்தக் குருசாமியும் சொல்லிக் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் கால் பார்ப்பது என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாகவும் இருக்கலாம், கூட நடக்கும் நண்பராகவும் இருக்கலாம். எதைக் கண்டால் நடையை நிறுத்துவது என்பதையும் அவரே தன் வாயால் சொல்லட்டும். போன முறை முடிவு அவர்மேல் வந்து விழுந்தது. இந்த முறை அது அவருடையதாக இருக்கும்.

எதற்கும் சம்மதிக்காமல் “நான் வெறுங்காலோடுதான் போவேன்” என்று நின்றால்? அப்போது உங்கள் மனதைத் திறந்து சொல்லுங்கள்: “எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அப்படி நடப்பதற்கு நான் துணை வரமாட்டேன்.” இதில் மிரட்டல் இல்லை. பயத்தைக் கோபமாக மாற்றாமல் பயமாகவே சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அன்று காரில் நீங்கள் இதைத்தான் சொல்ல நினைத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வார்த்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடிதம் முழுக்க அப்பாவின் கால், அப்பாவின் நேர்த்தி, அப்பாவின் மௌனம். அம்மாவை இழந்த மகள் எங்கே என்று தேடினேன். மதியச் சாப்பாடு அனுப்பி, பள்ளிக்கு ஓடி, புண்ணுக்கு இரண்டு மாதம் கட்டு மாற்ற அலைந்து, நீங்கள் எப்போது அழுதீர்கள்? “அவளே போய்விட்டாள்” என்று கத்தியதில் அப்பாமேல் இருந்த கோபத்தைவிட அம்மா இல்லாத தவிப்புதான் எனக்கு அதிகமாகக் கேட்கிறது. ஒரே இழப்பைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நான்கு நாள் நடந்திருக்கிறீர்கள்.

அடிவாரத்தில் அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? எந்தக் கடை வாசலில், எந்த மரத்தடியில்? அப்பாவுக்குத் தெரியும். அதை மட்டும் ஒரு நாள் அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்