காசு கொடுத்தவர்களுக்கும் விளம்பரம் வருவதுதான் சிக்கல்

விலைக்கு விற்ற உங்கள் கேமை ஐபோனில் இலவசமாக்கி விளம்பரம் சேர்த்ததும் ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள் வருகின்றன என்கிறீர்கள். முன்பு காசு கொடுத்து வாங்கிய பழைய வாடிக்கையாளர்களுக்கு விளம்பரத்தை நிறுத்துங்கள், அவை பெரும்பாலும் அடங்கிவிடும். கேம் இலவசமானதில் அவர்களுக்குக் கோபமில்லை. காசு கொடுத்து வாங்கியவர் ஒரு லெவலை முடித்ததும் 30 நொடி விளம்பரம் ஓடினால் மனசு விட்டுப்போகும். நியாயமான கோபம்தான்.

ஐபோனில் பழையவர்களைக் கண்டுபிடிக்க நிரல் (code) எழுதியும் விளம்பரம் வருகிறது என்கிறீர்கள். ஆப் ஸ்டோர் தரும் ரசீதில் இருக்கும் 'முதலில் வாங்கிய வெர்ஷன்' ஐஓஎஸ்ஸில் பில்ட் நம்பர், அதாவது ஆப்பின் ஒவ்வொரு தொகுப்புக்கும் நீங்கள் உள்ளே கொடுக்கும் எண். ஸ்டோரில் தெரியும் வெர்ஷன் எண் அல்ல. நீங்கள் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். சாண்ட்பாக்ஸ் என்ற ஆப்பிளின் சோதனைச் சூழலில் எப்போதும் 1.0 என்றே வரும், அதை நம்ப வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் அவசரப்படாதீர்கள். கூகுள் பிளேயில் ஒருமுறை இலவசமாக்கிய ஆப்பை மறுபடி விலைக்கு மாற்ற முடியாது. விலை இருக்கும்போதே, வாங்கியவர்களைக் குறித்துவைக்கும் அப்டேட் ஒன்றை அனுப்பிவிடுங்கள். இலவசமாக்கும் முன் அந்த அப்டேட்டைப் போட்டு கேமைத் திறக்காதவர்கள் விடுபடுவார்கள். அவர்கள் எழுதிக் கேட்டால் கையால் சரிசெய்து கொடுங்கள்.